தொண்ணூற்றாறு போல்ட்டுகளும் ஓர் ஆயுத பூஜையும்

நிலாவில் ஆயுத பூஜை கொண்டாடக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். கற்பூரம் கூடாது, ஊதுவத்தி கூடாது, நெருப்பு என்று பேர் வைத்த எதுவும் கூடாது, அவ்வளவுதான். ஆகவே கற்பூரத்துக்குப் பதிலாக ஒரு டார்ச் விளக்கைச் சுற்றிக் காட்டினோம். பூசணிக்காய்க்குப் பதிலாக ஒரு தக்காளி. அதை உடைத்தால் அன்றைக்கு ரசம் கிடையாது என்று எல்லோரும் அலறியதால், குங்குமம் தடவி ஓரமாக வைத்துவிட்டு, பூஜை முடிந்ததும் கழுவி ரசத்தில் போட்டோம். திருஷ்டி கழிந்ததா என்று கேட்டால் கழியவில்லை என்றுதான் சொல்வேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. சொந்த ஊர் கோவைப் பக்கம். எந்தக் குழாய்க்கு எந்த வால்வு, எந்த வால்வுக்கு எந்தப் போல்ட்டு, எந்தப் போல்ட்டுக்கு எந்த நட்டு என்று முடிவு செய்வது என் வேலை. "இதுக்கு ஒரு ஆளா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். குழாயை எல்லோரும் பார்ப்பார்கள், வால்வையும் பார்ப்பார்கள், இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் விரல் தடிமன் போல்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அது விட்டுவிட்ட அன்றைக்குத்தான் என்னைத் தேடுவார்கள்.

நிலாவுக்கு வருவதற்கு முன் பதினேழு வருஷம் சென்னைக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் இருந்தேன். உப்புக் காற்று. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் வேறு உலோகத்தில் போல்ட்டு போட்டால், ஆறே மாதத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். ஈரமும் உப்பும் நடுவில் இருந்தால் இரண்டு வேறு உலோகங்கள் சும்மா இருக்காது. அதனால் எனக்கு ஒரே சட்டம்: ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஸ்டெயின்லெஸ்தான். மீறியவர்கள் என் வாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். இந்த நிலையத்துக்கான உலோகப் பட்டியலைத் தயாரித்தபோதும் அதே சட்டத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

என் கணவர் நாச்சிமுத்து ஃபிட்டர். நான் தேர்ந்தெடுக்கும் போல்ட்டை இருபது வருஷமாக அவர்தான் முடுக்கி வருகிறார். வீட்டில் பத்து வார்த்தை பேசுவார், வேலையில் ஆறு. மூன்றாவது ஆள் ஜெபசெல்வி, தூத்துக்குடிப் பெண், இருபத்தாறு வயது, தோட்டத்தின் பொறுப்பாளர். தோட்டம் என்றால் நாற்பத்தொரு தக்காளிச் செடியும் கொஞ்சம் கீரையும். செடிகளோடு பேசுவாள். பேச்சு தீர்ந்தால் சர்ச்சில் கற்றுக்கொண்ட பாட்டுகளை முணுமுணுப்பாள். நிலையத்தில் இன்னும் மூன்று பேர் உண்டு. அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பனிக்கட்டி தோண்டப் போய், மாதத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார்கள்.

செல்விக்கு ஆயுத பூஜை புதிது. "நான் என்னக்கா செய்யணும்?" என்று கேட்டாள். நான் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்டோர்ல இருக்கற சாமானையெல்லாம் அழுக்கில்லாம தொடச்சுப் பொட்டு வெச்சிரு கண்ணு" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. ஸ்பேனர்களைத் துடைத்தாள், சுத்தியலைத் துடைத்தாள். பிறகு உதிரிப் போல்ட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். தொண்ணூற்றாறு போல்ட்டுகள், தொண்ணூற்றாறு நட்டுகள். ஒவ்வொன்றின் மரையிலும், அதாவது நட்டு திருகி ஏறும் வரிகளில், சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று அப்பியிருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷை மரைக்குள் விட்டு, அத்தனையையும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கினாள். பூஜையன்று தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள். நான் பார்த்தேன். "அடி என் தங்கமே" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். பொட்டைப் பார்த்தேனே தவிர மரையைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம், தோட்டத்துக்குக் காற்று கொண்டுபோகும் குழாயில் ஒரு வால்வை மாற்ற வேண்டியிருந்தது. நாச்சிமுத்து வெளியே போய் எட்டுப் போல்ட்டில் மாட்டிவிட்டு வந்தார். எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோலிக்குண்டளவு கல் ஒன்று எங்கிருந்தோ வந்து, நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நடைவழியின் கூரையைத் துளைத்தது. நடைவழியில் இருந்த காற்று அரை நிமிஷத்தில் வெளியேறியது. இரு பக்கக் கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. காற்றுக் குழாயின் வால்வும் மூடிக்கொண்டது. செல்வி அந்தப் பக்கம், தக்காளிகளோடு.

எங்கள் கதவுகளுக்கு இருப்பது ஒரே அறிவு. இரண்டு பக்கமும் காற்று சமமாக இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் யார் காலில் விழுந்தாலும் திறக்காது. தோட்டத்துக்கு வேறு வாசல் கிடையாது. உள்ளே விண்வெளி உடையும் கிடையாது. ஆகவே செல்வி வெளியே வர வேண்டுமென்றால் நடைவழியில் மறுபடி காற்று நிரம்ப வேண்டும். அந்தக் காற்றும் தோட்டத்தின் காற்றும் ஒரே குழாயில்தான் வரவேண்டும்.

"எத்தனை மணி நேரம் தாங்கும்கா?" என்று ரேடியோவில் கேட்டாள்.

"பதினாலு. செடி வேற இருக்குதே" என்றேன்.

"ஒரு ஆளுக்கு மூச்சு குடுக்க முந்நூறு செடி வேணும்க்கா. எங்கிட்ட நாப்பத்தொண்ணு. கணக்கு எனக்கும் தெரியும்லா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நாச்சிமுத்து ஒரு மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார். உள்ளே வந்து வால்வைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் வால்வு அசையவில்லை. கல் தெறித்த துண்டு ஒன்று அதன் தண்டை வளைத்திருந்தது. சரி, வால்வையே மாற்றிவிட வேண்டியதுதான். ஸ்டோரில் இன்னொன்று இருக்கிறது. எட்டுப் போல்ட்டு, கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம். இருவரும் உடை மாட்டிக்கொண்டு வெளியே போனோம்.

"வருதுங்களா மாமா?" என்று நாச்சிமுத்துவைக் கேட்டேன்.

"ம்ஹூம். நட்டைத் திருப்புனா போல்ட்டும் கூடவே திருகிக்கிட்டு வருது அம்மிணி. ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

ரேடியோவில் செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒட்டிக்கிச்சுன்னா? எப்படிக்கா?"

அவளைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மேல ஒரு தோல் இருக்கும் கண்ணு. கண்ணுக்குத் தெரியாது. பூமியில அது உரிஞ்சாலும் காத்து பட்டவுடனே மறுபடி வளந்துரும். இங்க காத்துக்கு எங்க போறது? முடுக்கறப்ப தோல் உரிஞ்சு, ஒரே சாதி இரும்பு ரெண்டு நேருக்கு நேரா ஒண்ணை ஒண்ணு தொட்டா, எது நட்டு எது போல்ட்டுன்னு அதுகளுக்கே தெரியாது. ஒரே துண்டாயிரும்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு."

"வந்து கழட்டிப் பாரு, எவ்வளவு நல்லாருக்குதுன்னு தெரியும்."

"அப்போ இங்க இருக்க எல்லா நட்டும் ஒட்டிக்கிடணுமேக்கா?"

"ஒட்டாம இருக்கத்தான் நடுவுல ஒரு பேஸ்ட்டு தடவி அனுப்புவாங்க. போல்ட்டு மரையில..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் எட்டு நட்டுகள். ஒன்றிலும் ஒரு சொட்டு சாம்பல் நிறம் இல்லை. வெயிலில் கண் கூசியது. ஒரு போல்ட்டின் தலையில் மட்டும், துடைத்த பிறகும் மிச்சமிருந்த ஒரு துளி குங்குமம்.

நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதே என்று கையைக் காட்டினார்.

"அக்கா" என்றது ரேடியோ. "அந்தப் பேஸ்ட்டு சாம்பல் கலர்ல இருக்குமா?"

நான் அந்தக் குங்குமத் துளியைக் கையுறை விரலால் மூடினேன்.

"நான் அழுக்குன்னுலா நெனச்சேன்" என்றாள் செல்வி. நான் திட்டுவதில் பேர் போனவள். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிலாவின் நடுவில் நின்றேன்.

"அம்மிணி, கழட்ட வேண்டாம். இன்னும் முடுக்கலாம்" என்றார் நாச்சிமுத்து.

"முடுக்கறதா?"

"எந்தப் பக்கம் போக மாட்டேன்னு அடம் புடிக்குதோ அந்தப் பக்கம் எதுக்கு இழுத்துக்கிட்டு? ஏற்கெனவே முறுக்கேறி நிக்குது. இன்னும் கொஞ்சம் முடுக்குனா கழுத்து ஒடிஞ்சிரும். ஒடிஞ்சதைத் தட்டி எடுத்துக்கலாம்."

எழுதியவளுக்குத் தோன்றாதது முடுக்குகிறவருக்குத் தோன்றியது. ஆனால் நிலாவில் அது எளிதில்லை. பூமியில் ஸ்பேனரை இழுத்தால் நட்டு திரும்பும். இங்கே நம் எடை ஆறில் ஒரு பங்கு, ஸ்பேனரை இழுத்தால் இழுக்கிற ஆள்தான் திரும்புவார். அவர் இரண்டு முறை சுற்றிப்போய்க் குழாயில் மோதினார். அதனால் நான் குழாய்த் தாங்கியில் காலைக் கோத்துக்கொண்டு, அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எடை குறைக்கச் சொல்லி எத்தனை வாட்டி சொல்லியிருப்பீங்க? இப்ப அந்த எடைதான் உங்களைத் தாங்குது" என்றேன்.

"நான் எப்பச் சொன்னேன்? டாக்டரல்ல சொன்னாங்க" என்றபடி அவர் இழுத்தார். கை வழியாக ஒரு அதிர்வு வந்தது. முதல் போல்ட்டு ஒடிந்தது. ரேடியோவில் செல்வி ஒரு சின்னச் சத்தம் எழுப்பினாள். அழுகையா, சிரிப்பா, தெரியவில்லை.

எட்டையும் ஒடிக்க நான்கு மணி நேரமானது. புது வால்வை வைத்தோம். உதிரிப் பெட்டியிலிருந்து போல்ட்டு எடுத்து வந்திருந்தோம், எல்லாம் அவள் துடைத்தவைதான். பேஸ்ட்டு டியூப் ஒன்றே ஒன்று, அது பனிக்கட்டி தோண்டப் போன வண்டியின் கருவிப் பெட்டியில் இருந்தது. வண்டி இரண்டு நாள் தூரத்தில் இருந்தது. போன தடவை வெறும் போல்ட்டிலேயே மாட்டியாயிற்றே, இப்போது ஏன் மாட்டாது என்று முடுக்கினோம். போன தடவை அவர் ஆற அமர முடுக்கியிருக்கிறார், இப்போது அவசரம். வேகமாக முடுக்கினால் சூடேறும், சூடேறினால் ஒட்டுவதும் வேகமாகும். முதல் நட்டு பாதி மரையிலேயே ஜாம் ஆகி நின்றது. இரண்டாவதும் அப்படியே. வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி. காற்றைத் திறந்தால் அத்தனையும் அந்த வழியாகத்தான் போகும்.

அந்த இரண்டையும் ஒடித்து எடுத்தபோது, தோட்டத்தில் மிச்சமிருந்த காற்று ஐந்து மணி நேரத்துக்கு.

"சமையல் எண்ணெய்?" என்றார் நாச்சிமுத்து.

"காத்தில்லாத இடத்துல நிக்காதுங்க. ஆவியாப் போயிரும்."

"பென்சில் கரி? எங்கப்பா பூட்டுக்கெல்லாம் அதைத்தான் போடுவாரு."

"அது வழுக்கறதுக்கும் காத்துல ஈரம் வேணும். இங்க போட்டா மணலள்ளிப் போட்ட மாதிரி."

அவர் ஸ்பேனரை இடுப்பில் மாட்டினார். பிறகு மெதுவாக, எனக்குப் பிடிக்காத விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் வரும் குரலில் சொன்னார்: "நிலையத்தைக் குளுமையா வெக்கற பம்புல, தண்டு கசியாம இறுக்கற கிளாண்டு நட்டு வெண்கலம். அளவும் இதேதான். பம்புக்கு ரெண்டு, நாலு பம்பு. எட்டு."

எனக்கு முன்பே தெரியும். ஒரு மணி நேரமாகத் தெரியும். பட்டியலில் நானே கட்டம் கட்டி எழுதியிருந்த வரியை நினைத்துக்கொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்: ஸ்டெயின்லெஸ் குழாய்களில் வெண்கல நட்டு எக்காரணம் கொண்டும் கூடாது.

இது பழக்கம் மட்டுமல்ல. இங்கே இருக்கும் ஸ்பேனர்களுக்கு மூளை வைத்திருக்கிறார்கள். வாயில் பிடித்த நட்டு என்ன உலோகம் என்று அதற்குத் தெரியும். பட்டியலில் தடை இருந்தால் திரும்பாமல் பூட்டிக்கொள்ளும். தடையை எழுதியவர் மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். நான்தான் கேட்டு வாங்கி வைத்த ஏற்பாடு. அடுத்தவர்கள் தப்புச் செய்வார்கள் என்று நினைத்து வைத்தது.

"பம்பு நாலையும் நிறுத்தினா நிலையம் சூடாயிரும் மாமா. ஆறு மணி நேரம்தான் தாங்கும்."

"ஒரு மணி நேரத்துல முடிச்சர்லாம். பழைய மாதிரி கிளாண்டு வெச்ச பம்புதான் வேணும்னு நான் சண்டை போட்டப்ப நீ என்ன சொன்ன? 'பொட்டிக் கடை பம்பு'ன்னு சொன்ன."

"இப்ப அதைச் சொல்லிக் காட்டுங்க."

"சொல்லிக் காட்டலை அம்மிணி. நட்டை எடுத்துட்டு வரட்டுமா?"

எடுத்து வந்தார். எட்டே எட்டு, மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் தேய்ந்து. முதல் நட்டை மாட்டி ஸ்பேனரை வைத்தார். அது பூட்டிக்கொண்டது. காதில் ஸ்பேனரின் மரக்கட்டைக் குரல் கேட்டது: "தடை செய்யப்பட்ட உலோகம். தடையை விதித்தவர், கோகிலவாணி. நீக்கக் காரணம் கூறவும்."

இருபது வருஷத்தில் நான் எழுதியது தப்பு என்று ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. ரேடியோவில் செல்வி இருந்தாள். பக்கத்தில் கணவர் இருந்தார். பூமியில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"தடை தப்பு" என்றேன். "வெண்கலமும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒண்ணையொண்ணு திங்கணும்னா நடுவுல உப்பும் ஈரமும் வேணும். இங்க குழாய்க்கு வெளியில சொட்டுத் தண்ணி கெடையாது. வேற வேற உலோகமா இருந்தாத்தான் இங்க ஒட்டாது. இதை எழுதினவ பதினேழு வருஷம் கடலோரத்துல இருந்தவ. மண்டையில ஏறின உப்புக் காத்தோட நிலாவுக்குச் சட்டம் எழுதிட்டா. காரணம் அவ்வளவுதான்."

ஸ்பேனர் ஒரு கணம் யோசித்தது. பிறகு பூட்டு விட்டது.

வெண்கல நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏறியதைப் பார்க்க வேண்டுமே! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, ஒரு முரண்டு இல்லை, ஒரு கிறீச் இல்லை. எட்டும் ஏறின. நகக்கண் அளவு இடைவெளி மூடியது. நாச்சிமுத்து கைவிரலை உயர்த்தினார். நான் உள்ளே ஓடிப் பொத்தானை அழுத்தினேன். வால்வு திறந்தது. நடைவழியில் காற்று ஏற ஏற, எண்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

கதவு திறந்தபோது தோட்டத்தில் இரண்டே முக்கால் மணி நேரக் காற்று மிச்சம் இருந்தது. செல்வி நின்றுகொண்டிருந்தாள். கையில் கூடை நிறையத் தக்காளி. "சும்மா இருக்க முடியலக்கா, பழுத்ததையெல்லாம் பறிச்சேன்" என்றாள். கூடையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டேன். நான்கைந்து தக்காளி நசுங்கியது. ரசத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

அவ்வளவு இறுக்கம் தேவைப்படாத பம்புகளுக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நட்டுகளை மாட்டி ஒப்பேற்றினோம். அடுத்த கப்பலில் வெண்கலம் வரும். நிலையம் பிழைத்தது. ஆனால் செல்வி பழைய செல்வியாக இல்லை.

முதலில் பாட்டு நின்றது. பிறகு தோட்டத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதை நிறுத்தினாள். ஸ்பூன் கீழே விழுந்தால்கூட எடுத்துக் கொடுக்க மாட்டாள், "நீங்க எடுத்துக்கிடுங்கக்கா" என்பாள். மேஜையைத் துடைக்கும் துணியைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். "தப்பு நான் எழுதினது, ஸ்பேனருக்கே தெரியும்" என்று எத்தனை தடவை சொன்னாலும், "என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்லுதீங்க" என்பாள். நான்கு நாள் உட்கார்ந்து ஆசையாகத் துடைத்த பெண்ணை, ஒரு ஸ்பூனைத் தொடப் பயப்படுகிறவளாக ஆக்கிவிட்டோமே.

பூமியிலிருந்து அறிக்கை கேட்டார்கள். விபத்துக்குக் காரணமான ஒருவர் பெயர் வேண்டும், அவர் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும், விதி. கப்பலில் ஓர் இடம்தான். நான் ஒரே மூச்சில் எழுதினேன்: தடை என்னுடையது, துடைக்கச் சொன்னது நான், மரையைப் பார்க்காமல் பொட்டைப் பார்த்தது நான். அனுப்பிவிட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். நாச்சிமுத்துவுக்கு ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. அவரைப் பார்க்காமல் ஒன்றரை வருஷம் எப்படி இருப்பது என்பதை யோசிக்காமல் சேலைகளை மடித்தேன்.

மூன்றாம் நாள் பூமியிலிருந்து பாஷ்யம் சார் கூப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி, கோபமே வராத மனிதர். அன்றைக்குக் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"கோகிலா, எனக்கு மூணு ரிப்போர்ட் வந்திருக்கு. மூணுலயும் குற்றவாளி வேற வேற. ஒரு போல்ட்டை நீங்கள்லாம் சேர்ந்து எத்தனை விதமாத்தான் கெடுத்தீங்க?"

"மூணா?"

"ஜெபசெல்வி நாலு வரி எழுதியிருக்கா. 'துடைத்தது நான், என்னை அனுப்பவும்.' உன் வீட்டுக்காரர் எழுதினதைப் படிக்கறேன், கேளு. 'வால்வு மாட்டின அன்று பெட்டியைத் திறந்ததுமே மரையில் பேஸ்ட்டு இல்லை என்று பார்த்தேன். பேஸ்ட்டு டியூப் அன்று என் பையிலேயே இருந்தது, பிறகுதான் வண்டிக்குப் போனது. பிள்ளை நான்கு நாள் துடைத்துப் பொட்டு வைத்திருந்தது. வெள்ளி மாதிரி இருந்தது. அதன் மேல் மறுபடி கரியைப் பூச மனசு வரவில்லை. பொட்டை மட்டும் துடைத்துவிட்டு மாட்டினேன். மெதுவாகத்தான் முடுக்கினேன்.' இப்படிக்கு, நாச்சிமுத்து."

நான் திரும்பிப் பார்த்தேன். நாச்சிமுத்து கதவருகில் நின்றுகொண்டு, ரொம்ப அவசரமாக ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாமா?" என்றேன்.

"மனசு வரலை அம்மிணி" என்றார் ஸ்பேனரைப் பார்த்தபடி. முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்த மனுஷன், தெரிந்தே செய்திருக்கிறார். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"மூணு பேரையும் கூப்பிடக் கப்பல்ல இடமில்லை" என்றார் பாஷ்யம் சார். "ஒருத்தரை அனுப்பினா மத்த ரெண்டு பேரும் விட மாட்டீங்கபோல இருக்கு. காரணம்னு இருக்கற இடத்துல 'உலோகத் தேர்வுப் பட்டியல்'னு போட்டுட்டேன். பட்டியலைத் திருத்தி அனுப்பு. பெட்டியைப் பிரிச்சு வை."

பட்டியலைத் திருத்தினேன். வெண்கலம் உள்ளே வந்தது. ஆனால் எந்தப் பட்டியலைத் திருத்தியும் செல்வியின் கையைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. பங்குனி போயிற்று, ஆடி போயிற்று. அவள் கைகள் பின்னாலேயே கட்டியிருந்தன.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. பொரி வந்தது, டார்ச் விளக்கு வந்தது. உதிரிப் பெட்டியின் மேல் நாச்சிமுத்து கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'கும்பிடலாம். துடைக்கக் கூடாது.' செல்வி அதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு போய் ஒட்டி நின்றாள். சீட்டைப் பார்த்து நான் அவரை முறைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய், தன் அலமாரியைத் திறந்து ஒரு சின்னத் துணி மூட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

பிரித்தால், ஒடிந்த போல்ட்டு. அன்றைக்கு முதலில் ஒடித்தது. நட்டு அதன் மேலேயே இருந்தது, எங்கே போல்ட்டு முடிகிறது, எங்கே நட்டு தொடங்குகிறது என்று தெரியாதபடி. ஏழு மாதத்தில் தூசி படிந்து மங்கியிருந்தது. தலையில் அந்தத் துளிக் குங்குமம் இன்னும் இருந்தது.

ஒரு துணியை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தேன். செல்வியின் பின்னால் போய், கட்டியிருந்த கைகளைப் பிரித்து, ஒன்றில் துணியையும் ஒன்றில் போல்ட்டையும் வைத்தேன். அவள் போல்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. நான் தொட்டா ஏதாவது ஆயிரும்."

"தொடச்சுப் பொட்டு வை கண்ணு" என்றேன். "இதுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது."

அவள் அந்தக் குங்குமத் துளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு துணியின் ஓரத்தை விரலில் சுற்றி, மரைக்குள் விட்டு, மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தபோது, பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.